பாக்கெட்டில் போடும் 'ஆன்டி ஆக்சிடன்ட்' எண் எதைச் சொல்கிறது?

மசாலாப் பொடி, கிரீன் டீ பாக்கெட்டுகளில் 'ஆன்டி ஆக்சிடன்ட் நிறைந்தது' என்ற வாசகத்தை நாம் அடிக்கடி பார்க்கிறோம். சிலவற்றில் 'ஓராக்' என்று ஆயிரக்கணக்கில் ஓர் எண்ணும் இருக்கும். சரக்கு வாங்க வருபவர் கேட்டால் என்ன சொல்வது?

நாள்பட்ட கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது நமக்குத் தெரியாததல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜன் செய்யும் வேலை அது. அதைத் தாமதப்படுத்தும் பொருள்களே ஆன்டி ஆக்சிடன்டுகள். கிராம்பிலும் மஞ்சளிலும் தேயிலையிலும் அவை இருப்பது உண்மை. எவ்வளவு என்று அளப்பதில்தான் சிக்கல்.

பரிசோதனைக் கூடங்களில் பரவலாகச் செய்யப்படுவது டி.பி.பி.எச். முறை. இது ஊதா நிறக் கரைசல். பொருளின் சாற்றை இதில் விட்டு, இருட்டில் சுமார் அரை மணி நேரம் வைப்பார்கள். ஊதா வெளிறி மஞ்சளாகும். எவ்வளவு வெளிறியது என்பதைக் கருவி 517 நானோமீட்டர் ஒளியில் படிக்கும். மிளகாய் வற்றல் போலச் சாற்றுக்கே நிறம் இருந்தால் அதைத் தனியே கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் கணக்கு தவறும்.

ஓராக் வேறு வழி. ஒளிரும் சாயம் ஒன்றை 37 டிகிரி சூட்டில் வைத்து, அதைச் சிதைக்கும் ரசாயனத்தைச் சேர்ப்பார்கள். நம் பொருளின் சாறு அந்த ஒளியை எவ்வளவு நேரம் காப்பாற்றுகிறது என்பதே அளவு. 'டிரோலாக்ஸ்' என்ற பொருளை எடைக்கல்லாக வைத்து எண் சொல்வார்கள். ஒரே மூட்டைச் சரக்கை இரு முறைகளில் சோதித்தால் இரு விடைகள் வரும். சாறு எடுத்தது தண்ணீரிலா, மெத்தனாலிலா என்பதும் விடையை மாற்றும்.

அமெரிக்க வேளாண் துறை 2007இலும் 2010இலும் ஓராக் பட்டியல் வெளியிட்டது. 2010 பட்டியலில் 100 கிராம் கிராம்புப் பொடிக்கு 2,90,283. புளூபெர்ரிப் பழத்துக்கு 4,669. பழத்தைக் கிண்ணம் நிறையச் சாப்பிடலாம். கிராம்பை 100 கிராம் சாப்பிடுபவர் யார்? நம் கடையில் அது 10 கிராம் பொட்டலமாகத்தானே போகிறது! கண்ணாடிக் குழாயில் கிடைத்த எண்ணுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்றும், கம்பெனிகள் இதை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்றும் கூறி, 2012இல் அந்தத் துறையே பட்டியலை விலக்கிக்கொண்டது. ஆனால் பாக்கெட்டுகளில் அந்த எண்கள் இன்னும் உலவுகின்றன.

இதில் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, தவறான லேபிள் உள்ள பொருளைத் தயாரிப்பவர் மட்டுமல்ல, இருப்பு வைப்பவர், விற்பவர் மீதும் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சொந்தப் பெயரில் பொடி பாக்கெட் போடும் நம் உறுப்பினர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' போன்ற வாசகங்களை அறவே தவிர்க்கவும்.

எண் போட்ட சரக்கு வந்தால், எந்த முறையில், எந்தத் தொகுப்பைச் சோதித்தார்கள், உலர்ந்த எடைக்கா பச்சை எடைக்கா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். பதிலைக் கொள்முதல் பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளவும்.