இல்லத்தில் அமைக்கும் மின்வழங்கி

மின்னணுக் கருவிகளைத் தாமே அமைத்துப் பார்க்கும் ஆர்வமுடைய மாணவர்க்கு முதற்கண் வேண்டுவது நம்பத்தக்க மின்வழங்கியே ஆகும். நாம் மாணவப் பருவத்தில் அரிதின் முயன்று அமைத்த சிறு வானொலி, மலிவான அடாப்டரில் இணைத்த அன்றே பாழாயிற்று. அடாப்டரின்மேல் 6 வோல்ட் எனப் பொறித்திருந்தது. சுமை குறைவாயிருந்தமையால் அது வழங்கியதோ 10 வோல்ட்! கொடுப்பதினும் அளவறிந்து கொடுப்பதே பெரிதென அன்று உணர்ந்தோம்.

அவ்வாறு அளவறிந்து கொடுக்கும் மின்வழங்கியின் அமைப்பைக் காண்போம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் அளவுள்ள மாறுதிசை மின்சாரம். மின்மாற்றி அதனை 18 வோல்ட்டாகக் குறைக்கின்றது. 2 ஆம்பியர் தாங்கும் மின்மாற்றி தக்கது. நான்கு டையோடுகளாலான அலைத்திருத்தி அதனை ஒரே திசையில் செலுத்துகின்றது. எனினும் அம்மின்னழுத்தம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 4700 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் மின்தேக்கி இவ்வலைவைத் தணிக்கின்றது. மாரியில் நிரம்பிக் கோடையில் வழங்கும் ஏரி போன்றது அதன் பணி. 18 வோல்ட் மாறுதிசை மின்னழுத்தத்தின் உச்சம் அதன் 1.414 மடங்காதலின், டையோடுகளில் இழப்பது போக, மின்தேக்கியில் ஏறத்தாழ 24 வோல்ட் நிற்கும்.

அடுத்தது சீராக்கி. 1976இல் ராபர்ட் டாப்கின் வடிவமைத்த வகையைச் சார்ந்த எல்.எம். 317 என்னும் மூன்று கால் தொகுப்புச் சுற்று இதற்கு ஏற்றது. தன் வெளியீட்டுக் காலுக்கும் சரிசெய் காலுக்கும் இடையே எப்போதும் 1.25 வோல்ட் நிலவச் செய்வதே அதன் இயல்பு. அவ்விரு கால்களுக்கிடையே 120 ஓம் மின்தடையும், சரிசெய் காலிலிருந்து எதிர்முனைக்கு 2 கிலோ ஓம் மாறுமின்தடையும் இணைக்க வேண்டும். மாறுமின்தடையை 360 ஓமில் நிறுத்தினால் 5 வோல்ட் கிடைக்கும். குமிழைத் திருகி, 1 ஆம்பியர் வரை, 1.25 முதல் 18 வோல்ட் வரை பெறலாம்.

மிஞ்சும் மின்னழுத்தம் எங்கே செல்கின்றது? வெப்பமாகின்றது. 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுப்பின் ஏறக்குறைய 18 வாட் வெப்பம் சீராக்கியில் தோன்றும். ஆதலின் அகன்ற அலுமினியத் தகட்டில் அதனைப் பொருத்துதல் இன்றியமையாதது. இல்லையேல் அது தன்னைக் காத்துக்கொள்ள மின்னழுத்தத்தைக் குறைத்துவிடும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மின்மாற்றியின் 230 வோல்ட் பக்கம் உயிரைப் பறிக்க வல்லது. அப்பக்கத்தில் உருகி அமைத்தல், உலோகப் பெட்டியைப் புவியோடு இணைத்தல், செருகியைக் கழற்றிய பின்னரே பெட்டியைத் திறத்தல் ஆகிய மூன்றும் தவறலாகா. முதன்முறை ஆசிரியர் ஒருவரை உடன்வைத்துச் சோதித்தல் நன்று. வெளியீட்டை மல்டிமீட்டரால் அளந்தறிந்த பின்னரே கருவியை இணைத்தல் வேண்டும். அன்று அவ்வாறு அளந்திருப்போமாயின் நம் வானொலி பிழைத்திருக்கும்.