ஆய்வுக்கு வழிகாட்டத் தகுதியுடையார்

கரடியனாற்று வயல்வெளிகளைக் கடந்து, செங்கலடிச் சந்தியில் வடக்கே திரும்பினால் வந்தாறுமூலை. 1981-ஆம் ஆண்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986-இல் உயர்வுபெற்ற கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கேதான் உள்ளது. கரடியனாற்று உழவர் வீட்டுப் பிள்ளையொருவர் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்ய முற்பட்டால், அவருக்கு வழிகாட்டத் தகுதியுடையவர் யார்?

வகுப்பில் பாடஞ் சொல்லுதல் வேறு. ஆய்வுக்கு வழிகாட்டுதல் வேறு. முன்னது தெரிந்ததை விளக்குவது. பின்னது, எவரும் அறியாததைத் தேடுபவருக்குத் துணைநிற்பது. அவ்வழியில் தாமே நடந்தவரன்றோ பிறருக்கு வழிகாட்ட இயலும்?

இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வகுத்த விதிகள் இக்கருத்தையே அளவுகோலாக்கின. வழிகாட்டி கலாநிதிப் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். அறிஞர் மதிப்பிட்டு ஏற்கும் ஆய்விதழ்களில் பேராசிரியரும் இணைப் பேராசிரியரும் ஐந்து கட்டுரைகளேனும், உதவிப் பேராசிரியர் மூன்றேனும் வெளியிட்டிருத்தல் வேண்டும். ஒரே காலத்தில் இம்மூவரும் முறையே 8, 6, 4 மாணவர்க்கு மேல் ஏற்றலாகாது. ஒருவர் பலரை ஏற்றால் எவரையும் செவ்வனே கவனிக்க இயலாதன்றோ?

எனினும், காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளை நினைவுகூர்தல் நன்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931-இலும், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1943-இலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த அவர், இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். கலாநிதிப் பட்டம் பெற்றவரல்லர். பல்லாண்டு ஆராய்ந்து, 1947-இல் 'யாழ்நூல்' தந்தார். இன்றைய விதியோ அவருக்கு இடந்தராது.

அதனால் விதி வேண்டாவென்பது பொருளன்று. அடிகளைப் போன்றார் அரியர், மாணவரோ பலர். தகுதியற்றவரிடம் அகப்பட்டு ஆண்டுகளை இழவாமல் மாணவரைக் காப்பது விதி. அவ்விதி குறைந்த அளவையே காட்டும். வழிகாட்டியின் நிறைந்த அளவு, அவர் தாமும் ஓயாது தேடிக்கொண்டிருத்தலே.