திரையில் புரியும் கணக்கு நோட்டில் வராதது ஏன்?

“வீடியோ பார்க்கும்போது எல்லாமே புரியுது. தனியா உட்கார்ந்து போட்டா வரமாட்டேங்குது.” கணித ஆசிரியர்கள் மாணவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது.

கணக்கு கற்க இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சிடப்பட்டிருக்கிறது. கணிதப் புத்தகங்களில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பகுதியும் உண்டு. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. யூடியூபில் தேடினால் ஒரே கணக்குக்கு ஏராளமான விளக்கங்கள் கிடைக்கின்றன. இத்தனை இருந்தும், கணக்கு என்றாலே பயப்படும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

அப்படியானால் டிஜிட்டல் கருவிகளால் பயனே இல்லையா? இருக்கிறது. ஆனால், திரையில் என்ன ஓடுகிறது என்பதைவிட, அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் மாணவர் என்ன செய்கிறார் என்பதுதான் அந்தப் பயனைத் தீர்மானிக்கிறது.

கணினி வந்தால் மதிப்பெண் கூடுமா?

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2015-ல் இது குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளிகளில் கணினிகளுக்குப் பெரும் செலவு செய்த நாடுகளில், வாசிப்பிலோ கணிதத்திலோ அறிவியலிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை என்றது அந்த அறிக்கை.

இந்திய அனுபவம் இன்னும் நுணுக்கமானது. குஜராத்தின் வதோதராவில் 4-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு 2 மணி நேரம் கணினியில் கணித விளையாட்டுகள் கொடுக்கப்பட்டன. ஒரு கணினிக்கு இரண்டு பேர். இரண்டாவது ஆண்டில் கணித மதிப்பெண் 0.47 திட்ட விலக்கம் உயர்ந்ததாக, 2007-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. 100 பேர் வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் பிள்ளை, ஏறத்தாழ 18 பேரைத் தாண்டி முன்னால் போவதற்கு ஒப்பானது இது. இந்த ஆய்வை நடத்தியவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் 2019-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள்.

அதே குழுவில் இருந்த லீ லிண்டன், குஜராத்தில் வேறொரு கணினித் திட்டத்தை ஆராய்ந்தார். ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்துக் கணினிக்குக் கொடுத்தபோது, பிள்ளைகள் கற்றது குறைந்துபோனது. பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்தபோது பலன் இருந்தது. ஆசிரியரோடு சேர்ந்தால் உதவி, ஆசிரியருக்குப் பதிலாக வந்தால் நஷ்டம் என்பதே இதில் கிடைத்த பாடம்.

டெல்லியில் 6 முதல் 9-ம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருளைச் சோதித்த ஆய்வு 2019-ல் வெளியானது. ஆய்வில் இருந்த 6-ம் வகுப்பு மாணவர்கள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தார்கள். 6-ம் வகுப்புப் புத்தகத்தை எவ்வளவு அழகான அனிமேஷனில் காட்டினாலும் அவர்களுக்கு எட்டாது. அந்த மென்பொருள் ஒவ்வொருவரும் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்த்து, அங்கிருந்து கேள்வியைத் தொடங்கியது. கூடவே சிறு குழுவாக ஆசிரியர் உதவியும் இருந்தது. நாலரை மாதங்களில் கணிதத்தில் 0.37 திட்ட விலக்கம் முன்னேற்றம் கிடைத்தது.

புள்ளியை இழுத்தால் என்ன ஆகும்?

வீடியோவுக்கும் செய்து பார்க்கும் கருவிக்கும் உள்ள வித்தியாசத்தை ஜியோஜீப்ராவில் தெளிவாகப் பார்க்கலாம். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-ல் தனது முதுகலை ஆய்வுக்காக உருவாக்கத் தொடங்கிய மென்பொருள் இது. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் இணையச் செயல்பாடுகள் பலவும் இதில்தான் இயங்குகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. ஏதாவது ஒரு நாற்கரம் வரையுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளைக் குறித்து, அவற்றை வரிசையாக இணையுங்கள். உள்ளே கிடைக்கும் உருவம் என்ன? “அதுவும் இன்னொரு கோணல் நாற்கரமாத்தான் இருக்கும்” என்று தோன்றும். ஆனால் கிடைப்பது இணைகரம். ஒரு முனையைப் பிடித்து எந்தப் பக்கம் இழுத்தாலும் உள்ளே இருப்பது இணைகரமாகவே இருக்கும். பிரெஞ்சு கணித அறிஞர் பியர் வாரின்யோன் கண்ட இந்த உண்மை, அவர் இறந்த பிறகு 1731-ல் அச்சில் வந்தது.

இங்கே இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, நடுப்புள்ளியைக் கண்ணளவில் குத்தியிருந்தால், முனையை இழுத்ததும் படம் கலைந்துவிடும். ‘நடுப்புள்ளி’ என்ற கட்டளையைக் கொடுத்து அமைத்திருந்தால்தான் நிற்கும். நடுவில் இருப்பதுபோலத் தெரிவது வேறு, நடுப்புள்ளி என்ற வரையறை வேறு என்பது அப்போது பிள்ளைக்கு உறைக்கிறது. இதை வீடியோ சொல்லலாம். கையில் படம் கலையும்போதுதான் புரியும்.

இரண்டாவது, “ஏன் எப்பவும் இணைகரமே வருது?” என்ற கேள்வி தானாக எழுகிறது. அதற்குத் திரை பதில் சொல்லாது. நோட்டை எடுத்து ஒரு மூலைவிட்டம் வரைந்தால், நாற்கரம் இரண்டு முக்கோணங்களாகப் பிரியும. ஒவ்வொரு முக்கோணத்திலும் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு அந்த மூலைவிட்டத்துக்கு இணையாகவும் அதில் பாதி நீளமாகவும் இருக்கும். இதுதான் நடுப்புள்ளித் தேற்றம். இரண்டு கோடுகளும் ஒரே மூலைவிட்டத்துக்கு இணை, ஒரே நீளம். எனவே அது இணைகரம். நான்கு வரியில் நிரூபணம் முடிந்துவிடும்.

40 முறை சரியாக வந்தால் போதுமா?

திரையில் பலமுறை சரியாக வந்தாலே நிரூபணம் ஆகிவிட்டது என்று நினைப்பது இன்னொரு ஆபத்து. இதற்கு ஒரு விரிதாள் போதும். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்ட வேண்டும். 0 போட்டால் 41, 1 போட்டால் 43, 2 போட்டால் 47, 3 போட்டால் 53. எல்லாமே பகா எண்கள். 39 போட்டால் வரும் 1601 வரை, தொடர்ந்து 40 முறை பகா எண்ணே வரும்.

“அப்போ எப்பவுமே பகா எண்தான்!” என்று முடிவு செய்தால் மாட்டிக்கொள்வோம். 40 போட்டால் வருவது 1681. அது 41-ஐ 41-ஆல் பெருக்கிய எண். 18-ம் நூற்றாண்டில் ஆய்லர் சுட்டிய கோவை இது. விரிதாளில் நிரப்ப சில நொடிகள்தான் ஆகும். ஆனால் கணினி காட்டுவது சான்று, நிரூபணம் வேறு என்பதை இதைவிட எளிதாக ஒரு வகுப்புக்குப் புரியவைப்பது கடினம்.

0.35 பெரிதா, 0.4 பெரிதா?

சிறு வகுப்புகளில் பலர் 0.35 தான் பெரிது என்பார்கள். 35 என்பது 4-ஐவிடப் பெரிது அல்லவா என்பது அவர்கள் கணக்கு. “தப்பு” என்று சொல்லி விதியை மனப்பாடம் செய்ய வைத்தால், அடுத்த மாதம் அதே தவறு திரும்ப வரும். எண்கோட்டைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி உள்ள செயலியில் 0.3-க்கும் 0.4-க்கும் நடுவே உள்ளே போகச் சொன்னால், 0.35 எங்கே இருக்கிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். காகிதத்தில் அந்த இடைவெளிக்குள் பத்து கோடுகள் போடுவதே சிரமம். திரைக்கு உண்மையான வேலை இருப்பது இந்த மாதிரி இடங்களில்தான்.

விடை சொல்லும் செயலிகள்

கேமராவைக் காட்டினால் கணக்கைப் படிப்படியாகப் போட்டுத் தரும் செயலிகளும், கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவும் இப்போது கைக்குள் இருக்கின்றன. துருக்கியில் ஏறத்தாழ 1000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு இதில் முக்கியமானது. சாட்ஜிபிடி போன்ற கருவியோடு பயிற்சிக் கணக்குகளைப் போட்டவர்கள் 48 சதவீதம் கூடுதலாகச் சரி செய்தார்கள். ஆனால் கருவி இல்லாமல் தேர்வு வைத்தபோது, அதைத் தொட்டே பார்க்காத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி மாற்றியமைத்த கருவி தரப்பட்டது. அந்தக் குழுவில் இந்தப் பாதிப்பு பெருமளவு இல்லாமல்போனது. நுட்பம் ஒன்றுதான், யோசிக்கும் வேலையை யார் செய்கிறார்கள் என்பதுதான் மாறியது.

ஒரே ஒரு திரைதான் இருந்தால்?

எல்லாப் பிள்ளைகள் கையிலும் கருவி இருக்காது. வீட்டில் ஒரே செல்போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவுதான் திரும்பும் என்ற நிலை பல குடும்பங்களில் உண்டு. வகுப்பிலும் ஒரு திரை, 40 பிள்ளைகள் என்பதே பெரும்பாலும் நடைமுறை. அதை வைத்தே நிறையச் செய்யலாம். இணையம் தடைபடும் பள்ளிகளில், ஜியோஜீப்ராவை முன்பே பதிவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் இயங்கும்.

முதலில், திரையைத் தொடும் முன் ஒவ்வொருவரும் நோட்டில் தன் ஊகத்தை எழுத வேண்டும். ‘இந்த முனையை இழுத்தால் உள்ளே என்ன உருவம் வரும்?’ என்ற ஒரு கேள்வி போதும். அடுத்து, ஒரு மாணவரோ மாணவியோ முன்னால் வந்து புள்ளியை நகர்த்த, மற்றவர்கள் தங்கள் ஊகத்தோடு ஒப்பிட வேண்டும். மூன்றாவதாக, திரையை அணைத்துவிட்டு, ஏன் அப்படி வந்தது என்று இருவர் இருவராகப் பேசி நோட்டில் எழுத வேண்டும்.

இதில் மூன்றாவது படிதான் நேரமில்லை என்று அதிகம் கைவிடப்படுகிறது. ஆனால் பொதுத்தேர்வில் மாணவர் முன்னால் இருக்கப்போவது வினாத்தாளும் விடைத்தாளும் மட்டும்தான். அதைவிட முக்கியமாக, தன் ஊகம் தவறியது ஏன் என்று எழுதிப் பார்த்த பிள்ளை, அடுத்த கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதற்கு முன்பே தொடங்கிப் பார்க்கும்.

வீட்டில் பெற்றோருக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பிள்ளை வீடியோ பார்த்து முடித்ததும் போனை வாங்கி வைத்துக்கொண்டு, “இப்போ அதே கணக்கை எனக்குப் போட்டுக் காட்டு” என்று சொன்னால் போதும். எங்கே தடுமாறுகிறதோ, அந்த இடத்திலிருந்துதான் அன்றைய பாடம் தொடங்க வேண்டும்.