எலி மருந்துத் தூளும் ஈரமும்

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் பொதி கட்டும் சமயம் வரப்பெல்லாம் எலி வளைகள் பெருகிவிடும். அப்போது பலரும் துத்தநாக பாஸ்பைடு வாங்குகிறார்கள். கடைகளில் சிங்க் பாஸ்பைடு என்று கேட்டு வாங்கும் இக்கருஞ்சாம்பல் நிறத் தூளை வயலில் வைக்கும் முறை விவசாயிகள் அறிந்ததே. மிஞ்சியதை வீட்டில் வைப்பதில்தான் கவனம் போதவில்லை.

இத்தூள் உலர்ந்திருக்கும் வரை அடங்கிக் கிடக்கும். ஈரம் பட்டால் மெல்லச் சிதைந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளிவிடும். அமிலம் பட்டால் வெகு விரைவாக வெளிவிடும். எலியின் இரைப்பை அமிலத்தில் இவ்வாயு உண்டாவதால்தான் எலி சாகிறது. மனிதனின் இரைப்பையிலும் அமிலமே உள்ளது. வாயுவுக்குப் பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை உண்டு. ஆனால் வாடை இல்லாததால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

நம் பகுதியில் பிசானமும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே வருகின்றன. 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது, ஆற்றோர ஊர்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தரையோரம் மருந்துப் பொட்டலம் கிடந்த வீட்டின் நிலையை எண்ணிப் பாருங்கள். எனவே மருந்தை அதன் உறையோடு இறுக மூடும் டப்பாவிலிட்டு, ஆட்கள் படுக்காத, நெல் சேமிக்காத, காற்றோட்டமுள்ள கொட்டிலில் உயரத்தில் வைத்துப் பூட்ட வேண்டும். பருத்தி விதை நேர்த்திக்கான கந்தக அமிலம் அங்கே இருக்கலாகாது. வேறு டப்பாவுக்கு மாற்றவே வேண்டாம். கரிப் பல்பொடி என்று குழந்தைகள் எடுத்துவிடக்கூடிய நிறம் இது.

என்னைக் கேட்டால், மிச்சம் வராமல் வாங்குவதே மேல். 1 பங்கு மருந்துக்கு 49 பங்கு பொரி அல்லது கருவாடு. அதாவது ஒரு கிலோ இரைக்கு 20 கிராம்தான். அடுத்தடுத்த வயல்காரர்கள் ஒரே நாளில் சேர்ந்து வைத்தால் பொட்டலமும் தீரும், எலியும் பக்கத்து வயலுக்குத் தப்பாது. திறந்த வெளியில், கையுறை அணிந்து, குச்சியால் கலக்கவும்.

தூள் சிந்தினால் தண்ணீர் விட்டுக் கழுவாமல், உலர்ந்த மணலைப் போட்டு அள்ளவும். தீப்பற்றினாலும் மணலே, தண்ணீர் கூடாது.

யாரேனும் விழுங்கிவிட்டால் புளிக்கரைசல் புகட்டும் வழக்கம் இங்கு மிகக் கேடானது. புளிப்பு வாயுவைப் பெருக்கும். பாலும் எண்ணெயும் வேண்டாம். இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆள் சில மணி நேரம் தெளிவாக இருந்தாலும் காத்திராமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மருந்து உறையும் கூடப் போகட்டும். வாந்தியிலிருந்தும் வாயு எழும் என்பதால், வண்டியின் சன்னல்களை வழி நெடுகத் திறந்தே வையுங்கள்.