கதை எழுதறவங்க மாறினா கதையும் மாறுமா?



வாரக் கூட்டத்தில் சேமிப்பு வாங்கி, கடன் தவணை எழுதி, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு நாம் என்ன பேசுகிறோம்? பாதி நாள் சீரியல் கதைதான். "முன்ன நல்லா போய்க்கிட்டிருந்துச்சு, இப்ப சும்மா இழுக்கறாங்க" என்பார் ஒருவர். "இல்லக்கா, இப்பதான் விறுவிறுப்பா இருக்கு" என்பார் இன்னொருவர். இதே வழக்கு அமெரிக்காவில் பெண்கள் நடுவே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஒரே வித்தியாசம், அங்கே கதை எழுதுகிறவரின் பேரைச் சொல்லியே சண்டை போடுவார்கள். "அவர் எழுதினப்ப எப்படி இருந்துச்சு, இவர் வந்ததும் எப்படி ஆயிடுச்சு" என்று வாதம் நடக்கும். பத்திரிகைகளுக்கும் டி.வி. கம்பெனிக்கும் மூட்டை மூட்டையாகக் கடிதம் போகும். அந்தக் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறோம்.

அங்கே பகலில் வரும் தொடருக்கு 'சோப் ஓபரா' என்று பெயர். சோப்புக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? 1930-களில் ரேடியோவில் பகல் நேரத்தில் நாடகம் வந்தது. அந்த நேரம் வீட்டில் துவைத்து, துலக்கி, சமைத்துக்கொண்டு இருந்தவர்கள் பெண்கள். அவர்களிடம் சோப்பும் சோப்புத் தூளும் விற்க வேண்டிய கம்பெனிகள் நாடகத்துக்குப் பணம் கொடுத்தன. பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி தானே நாடகங்களைத் தயாரிக்கவும் தொடங்கியது. அதனால்தான் அந்தப் பெயர். இப்படி எழுதியவர்களில் முதன்மையானவர் இர்னா ஃபிலிப்ஸ் என்ற பெண்மணி. அவர் உருவாக்கிய 'கைடிங் லைட்' 1937-ல் ரேடியோவில் ஆரம்பித்து, 1952-ல் டி.வி.க்கு வந்து, 2009 செப்டம்பரில்தான் முடிந்தது. 72 வருஷம்! பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறை ஒரே கதையைக் கேட்டும் பார்த்தும் வளர்ந்திருக்கிறது.

இவ்வளவு நீளமான கதையை ஒரே ஆள் எழுத முடியாது. வாரத்துக்கு ஐந்து நாள், வருஷம் முழுக்க எபிசோடு வர வேண்டும். அதனால் ஒரு எழுத்தாளர் குழு இருக்கும். அதற்குத் தலைமைக் கதாசிரியர் ஒருவர். அடுத்த ஆறு மாதம் யாருக்கு என்ன நடக்கும், யார் யாரைக் கட்டுவார்கள், எந்த ரகசியம் எப்போது உடையும் என்று அவர்தான் பெரிய திட்டம் போடுவார். அதைச் சிலர் நாள்வாரியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். வேறு சிலர் வசனம் எழுதுவார்கள். ஒருவர் எல்லாவற்றையும் சரிபார்த்துக் கோர்ப்பார். ஆகவே தலைமை மாறினால் வசனத்தின் வாசனை மட்டும் மாறாது, ஊரின் தலையெழுத்தே மாறும்.

இதில் ஒரு சங்கதியைப் பலபேர் கவனிப்பதில்லை. எபிசோடுகளை முன்கூட்டியே படம் பிடித்து வைத்துவிடுவார்கள். சில தொடர்களில் சில வாரம், சிலவற்றில் பல மாதம் முன்பாகவே எடுத்து வைப்பார்கள். புது ஆள் வேலையில் சேர்ந்த செய்தி இன்று வந்தாலும், திரையில் ஓடுவது பழைய ஆள் எழுதியதாகத்தான் இருக்கும். "வந்த முதல் வாரமே கெடுத்துட்டார்" என்று திட்டுகிறவர்கள் பல தடவை போனவரைத்தான் திட்டுகிறார்கள்!

இனி சேலம் கதைக்கு வருவோம். நம்ம சேலம் இல்லீங்க. 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' என்ற தொடரில் வரும் கற்பனை ஊருக்கும் சேலம் என்றுதான் பெயர். 1965 நவம்பரில் என்.பி.சி. சேனலில் தொடங்கிய தொடர் இது. ஹார்ட்டன் என்ற டாக்டர் குடும்பம், அந்த வீட்டுப் பெரியம்மா ஆலிஸ், மார்லினா என்ற மனநல மருத்துவர், இவர்களைச் சுற்றிக் கதை போகும். குடும்பப் பாசம், காதல், ஆஸ்பத்திரி, கொஞ்சம் வில்லத்தனம் என்று இருந்தது.

1993-ல் ஜேம்ஸ் ரைலி தலைமைக் கதாசிரியராக வந்தார். அந்த வருஷமே கார்லி என்ற பெண்ணை விவியன் என்ற வில்லி மயக்கி, உயிரோடு பெட்டியில் வைத்துப் புதைத்துவிட்டாள். புதைத்ததும் போதாது என்று பெட்டிக்குள் கேட்கும்படி மேலே இருந்து பேசிக்கொண்டே வேறு இருந்தாள். அடுத்து 1994-95-ல் நம் டாக்டர் மார்லினாவுக்கே பேய் பிடித்தது. கண் மஞ்சளாகி, கட்டிலுக்கு மேலே அந்தரத்தில் மிதந்தார். பேய் ஓட்டும் சடங்கு பல எபிசோடு நடந்தது. மார்லினாவாக நடித்த டீட்ரா ஹால் 1976-லிருந்து அந்த வேஷத்தில் இருப்பவர். பார்க்கிறவர்களுக்கு வீட்டு மனுஷி மாதிரி.

ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு கட்சி சொன்னது: "இது குடும்பக் கதை. பதினெட்டு வருஷமா பார்த்த டாக்டரம்மாவைப் பேயாக்கறது எங்களை முட்டாளாக்கற வேலை." மறு கட்சி சொன்னது: "வேலை எல்லாம் போட்டுட்டு ஓடிவந்து பார்க்க வைக்கிறாரே! காலேஜ் பிள்ளைங்க கூட பார்க்குது." ரேட்டிங் ஏறியது உண்மை. கம்பெனிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எங்கள் ஆசிரியர் குழுவிலும் இதைப் பேசிப் பார்த்தோம், எங்களுக்குள்ளும் இரண்டு கட்சி வந்துவிட்டது! பெரும்பான்மையாகத் தோன்றியது இதுதான்: பேய்க்கதை என்பதால் மட்டும் அது மட்டமாகிவிடாது. மார்லினாவின் பிள்ளைகள், புருஷன்மார், பழைய காதல் எல்லாம் அந்தக் கதைக்குள் இருந்தது. அவரைக் காப்பாற்றத் துடித்த மனுஷர்களை நமக்கு ஏற்கனவே தெரியும். அதனால்தான் மிதந்தாலும் மக்கள் நம்பினார்கள்.

ரைலி 1997-ல் போய், 'பேஷன்ஸ்' என்ற வேறு தொடரை உருவாக்கினார். சேலத்தில் பழைய சுவாரசியம் குறைந்துவிட்டது என்று 2003-ல் அவரையே திரும்ப அழைத்தார்கள். "ஆபத்பாந்தவன் வந்துட்டார்" என்று பலருக்குச் சந்தோஷம். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஊருக்குள் தொடர் கொலைகாரன் ஒருவனை விட்டார். முதலில் போலீஸ் அதிகாரி ஏப் போனார். அப்புறம் ஒவ்வொருவராக, பல வருஷம் மக்கள் மனதில் குடியிருந்த பாத்திரங்கள் விழுந்தன. குடியை விட்டு மீண்ட மேகியை மதுபாட்டிலாலேயே அடித்துக் கொன்றதாகக் காட்டினார்கள். கொலைகாரி யார் என்று பார்த்தால், மார்லினா!

கடைசியில் ஆலிஸ் பெரியம்மாவுக்கும் கை வைத்தார்கள். டோநட் என்ற இனிப்புப் பலகாரம் செய்து ஊருக்கே கொடுப்பது அந்த அம்மாவின் அடையாளம். எண்ணெயில் பொரித்தெடுக்கும் வளையம், நம்ம வடை மாதிரி நடுவில் ஓட்டை இருக்கும். அந்தப் பலகாரத்தையே வாயில் திணித்துக் கொன்றதாகக் கதை. ஆலிஸாக நடித்த ஃபிரான்சஸ் ரீட் 1965-ல் முதல் எபிசோடிலிருந்து இருந்தவர். அப்போது அவருக்கு வயது 89. ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? சொந்தப் பாட்டியை இழந்த மாதிரி கோபப்பட்டார்கள், அழுதார்கள். பிறகு 2004-ல் இன்னொரு திருப்பம்: செத்தவர்கள் யாரும் சாகவே இல்லை, ஒரு தீவில் உயிரோடு இருக்கிறார்கள். தீவின் பெயர் மெலாஸ்வென். 'நியூ சேலம்' என்பதை ஆங்கில எழுத்தில் பின்னாலிருந்து படித்தால் அந்தப் பெயர் வரும்.

இதைக் கேட்டுச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்தப் பெண்களின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. சாவுக்குத் துக்கம் அனுசரித்த பிறகு "சும்மா சொன்னோம்" என்றால், அடுத்த தடவை யார் செத்தாலும் யார் அழுவார்கள்? ரைலி 2006-ல் விலகினார். வேறொருவர் வந்தார். அவர் மேலும் வழக்கு நடந்தது, அது தனிக் கதை.

நம் குழுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊக்குநர் மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதியவர் நன்றாகப் பேசலாம், புதிதாகத் தொழில் கொண்டு வரலாம், தப்பில்லை. ஆனால் பழைய நோட்டைப் புரட்டாமல், "போன வருஷம் நீங்க கட்டின தவணை கட்டினதே இல்லை" என்று எழுதினால் விடுவோமா? தொடர் ரசிகர்கள் கையில் இருப்பதும் ஒரு நோட்டுதான். எழுதாத நோட்டு, மனதில் இருக்கும். யாருக்கு யார் அக்கா, எந்த வருஷம் எந்தச் சத்தியம் என்று எல்லாம் அதில் பதிவாகியிருக்கும்.

அந்த நோட்டைக் கிழித்தது என்று இன்றும் பேசப்படும் சம்பவம் ஒன்று உண்டு. 'ஆல் மை சில்ட்ரன்' என்ற தொடரை ஆக்னஸ் நிக்சன் என்ற அம்மா 1970-ல் உருவாக்கினார். இர்னா ஃபிலிப்ஸிடம் தொழில் கற்றவர். 1973 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புக்குப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பு சொன்னது. (அந்தத் தீர்ப்பு 2022-ல் ரத்தாகிவிட்டது.) அதே 1973-ல் எரிக்கா என்ற பாத்திரம் தன் மாடலிங் வேலைக்காகக் கருவைக் கலைத்ததாகக் கதை வந்தது. சட்டப்படி நடந்த கருக்கலைப்பை அமெரிக்க டி.வி.யின் பகல் தொடரில் காட்டியது அதுவே முதல் தடவை. சரியா தப்பா என்று நாடே பேசியது. ஆனால் அது எரிக்கா எடுத்த முடிவு, அதன் பாரத்தோடுதான் அவள் வாழ்ந்தாள்.

முப்பது வருஷம் கழித்து, 2005-06-ல், மேகன் மெக்டாவிஷ் தலைமைக் கதாசிரியராக இருந்தபோது என்ன ஆனது? கரு கலையவே இல்லையாம்! டாக்டர் அதைத் திருடித் தன் மனைவியின் வயிற்றில் வைத்துவிட்டாராம். வளர்ந்த பையன் ஜோஷ் ஊருக்குள் வந்து நிற்கிறான். மருத்துவத்தில் நடக்காத காரியம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு பெண் எடுத்த முடிவை, அவளுக்கே தெரியாமல், முப்பது வருஷம் கழித்து இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். ரசிகர்கள் கொதித்ததில் எங்களுக்கு ஆச்சரியமில்லை. கருக்கலைப்பைப் பிடிக்காதவர்களில்கூட, "நடந்தது நடந்ததுதானே" என்று கேட்டவர்கள் உண்டு.

புது ஆள் வந்தாலே கெடுதி என்று சொல்லவில்லை. 'ஜெனரல் ஹாஸ்பிடல்' தொடர் 1977-ல் மூடப்படும் நிலையில் இருந்தது. 1978-ல் குளோரியா மான்டி தயாரிப்புப் பொறுப்பை ஏற்றார். டக்ளஸ் மார்லண்ட் கதை எழுதினார். சில வருஷத்தில் அது முதலிடம். 1981 நவம்பரில் லூக், லாரா கல்யாணத்தை சுமார் 3 கோடி பேர் பார்த்தார்கள். ஆனால் அந்த லூக்தான் 1979-ல் லாராவைப் பலாத்காரம் செய்தவன். அதைக் காதல் கதையாக மாற்றிவிட்டார்கள். ரேட்டிங்கும் கல்யாணச் சாப்பாடும் சேர்ந்து அந்தக் குற்றத்தை மூடியது. 1998-ல்தான், வளர்ந்த மகனுக்கு உண்மை தெரிய வருவதாகக் கதை வைத்து, அந்தப் பழைய கணக்கைத் திறந்தார்கள். கல்யாணத்துக்குக் கைதட்டிய பெண்களில் பலர் அப்போது தாங்களும் என்ன பார்த்தோம் என்று யோசித்தார்கள்.

நல்ல கதாசிரியர் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஆக்னஸ் நிக்சனையே சொல்லலாம். அவருடைய தோழி ஒருவர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்துபோனார். பேப் பரிசோதனை செய்து முன்னாடியே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருக்கலாம். 'கைடிங் லைட்' தொடரில் எழுதிக்கொண்டிருந்த நிக்சன், 1962-ல் அந்தப் பரிசோதனையைக் கதையில் வைக்கக் கேட்டார். சேனலும் சோப்புக் கம்பெனியும் ஒரு நிபந்தனை போட்டன: 'புற்றுநோய்' என்று சொல்லக்கூடாது, 'கர்ப்பப்பை' என்று சொல்லக்கூடாது, கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் பெயரையும் சொல்லக்கூடாது. அந்த மூன்று வார்த்தையும் இல்லாமலே எழுதினார்! எல்லோருக்கும் பிடித்த பெர்ட் அம்மாவுக்குப் பரிசோதனையில் கோளாறு தெரிந்து, சிகிச்சை எடுத்துப் பிழைத்தார். துண்டுப் பிரசுரம் கொடுத்தால் படிக்காதவர்களும் பெர்ட்டுக்கு என்ன ஆச்சு என்று கவனித்தார்கள்.

(கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்கும் வசதி நம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது. 30 வயது தாண்டியவர்கள் கிராம நர்சம்மாவிடம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.)

சரி, இவ்வளவு வாதாடுகிறார்களே, அவர்கள் பேச்சு எடுபடுகிறதா? முழுசாக இல்லை. ரேட்டிங் என்பது நெடுங்காலம் மாதிரிக்கு எடுத்த வீடுகளின் கணக்காகத்தான் இருந்தது. அதிலும் விளம்பரக் கம்பெனிகள் அதிகம் பார்ப்பது 18 முதல் 49 வயதுப் பெண்களைத்தான். அம்பது தாண்டினால் கணக்கில் எடை குறைவு. நாற்பது வருஷமாக ஒரே தொடரைப் பார்த்து, நோட்டு முழுக்க மனப்பாடமாக வைத்திருக்கும் பெண்மணியின் குரலுக்கு மதிப்புக் கம்மி. இளசுகளைப் பிடிக்க வேண்டும் என்று புதுக் கதாசிரியர்கள் வயதான பாத்திரங்களை ஓரம் கட்டும்போது, அந்தப் பெண்கள் தங்களையே ஓரம் கட்டினதாக நினைத்ததில் என்ன தப்பு?

வேலைக்குப் போகும் பெண்கள் கூடியதும் பகலில் பார்க்கிறவர்கள் குறைந்தார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை. 2009-ல் 'கைடிங் லைட்', 2010-ல் 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்', 2011-ல் 'ஆல் மை சில்ட்ரன்' என்று வரிசையாக சேனல்கள் நிறுத்தின. சேலம் கதை 2022 செப்டம்பரில் டி.வி. சேனலை விட்டு, சந்தா கட்டி இணையத்தில் பார்க்கும் பீகாக்குக்குப் போனது. வயசான பல ரசிகர்கள் அதை எப்படிப் போட்டுப் பார்ப்பது என்று பேரப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியதாயிற்று.

2025 பிப்ரவரியில் சி.பி.எஸ். சேனல் 'பியாண்ட் த கேட்ஸ்' என்று புதுப் பகல் தொடர் ஒன்றைத் தொடங்கியது. வசதியான கறுப்பினக் குடும்பம் ஒன்றின் கதை. உருவாக்கி, தலைமைக் கதாசிரியராகவும் அமர்ந்தவர் மிஷேல் வால் ஜீன், பல தொடர்களில் வருஷக்கணக்காக எழுதிய பெண்மணி. தயாரிப்பில் பங்கெடுத்தது அதே பழைய சோப்புக் கம்பெனி!