நாற்பத்திரண்டு வீடுகளின் கணக்கு

நவி மும்பையில் நாங்கள் குடியிருக்கும் சொசைட்டியில் 42 வீடுகள். யார் பராமரிப்புக் கட்டணம் செலுத்தினார், யார் பாக்கி என்பதை ஒரு தடித்த கணக்குப் புத்தகமே பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தது. சென்ற ஆண்டு, முதல் மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு, அவர் செலுத்திவிட்ட தொகைக்கே பாக்கி அறிவிப்புப் போயிற்று. அவர் வங்கிக் கணக்கு அறிக்கையைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான், பணம் பக்கத்து வீட்டின் பெயரில் ஏறியிருந்தது தெரிந்தது. ஒவ்வொருவரும் தம் கணக்கைத் தாமே பார்க்க ஓர் இணையச் செயலி வேண்டும் என்று அன்றைய கூட்டம் முடிவு செய்தது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் என்று நாங்கள் மூவர் அகப்பட்டுக்கொண்டோம். அலுவலகத்தில் பிறர் கட்டியதைப் பழுதுபார்த்திருக்கிறோமே தவிர, முழுச் செயலி ஒன்றைக் கட்டியதில்லை.

பைத்தான் மொழியின் ‘ஜாங்கோ’ என்னும் ஃபிரேம்வொர்க்கைத் தேர்ந்தோம். இது 2003-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் ஒன்றின் அலுவலகத்தில் உருவாகி, 2005-இல் பொதுவெளிக்கு வந்தது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கிதார் கலைஞரின் பெயரைத் தாங்கியது. கடவுச்சொல் சரிபார்த்தல், படிவங்கள், தரவுத்தளத் தொடர்பு எல்லாம் இதில் ஆயத்தமாகவே உள்ளன. ‘வீடு’, ‘கட்டணம்’ என இரண்டு அட்டவணைகளை விவரித்த அன்றே, செயலர் பதிவு செய்வதற்கான திரையும் தானாகவே கிடைத்துவிட்டது.

பணத்தைப் பற்றி ஒரு சொல். கணினியின் சாதாரணப் பின்ன எண்முறையில் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வரும். ஆகவே தொகைக்கு ‘டெசிமல்’ வகையையே பயன்படுத்தினோம். பதிவை அழிக்கும் உரிமையையும் எடுத்துவிட்டோம். தவறு நேர்ந்தால் வங்கிகள் செய்வதுபோல் எதிர்ப்பதிவு இட்டே திருத்த வேண்டும். செயலருக்கு இது முதலில் பிடிக்கவில்லை.

எங்கள் கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடிற்று. வாடகைச் சர்வரில் ஏற்றியபோதுதான் பாடம் தொடங்கியது. பிழை நேரும்போது நிரலின் உட்பகுதிகளைத் திரையில் காட்டும் ‘டீபக்’ வசதி, கட்டும்போது பேருதவி. ஊரார் பார்க்கும் தளத்தில் அது திறந்த பீரோ. அதை அணைத்தோம். உடனே பக்கங்கள் நிறமும் வடிவமும் இழந்து வெறும் எழுத்தாய் நின்றன! அலங்காரக் கோப்புகளை அதுவரை வழங்கிவந்தது அந்தப் பயிற்சி நிலை ஏற்பாடே. இனி அவற்றைத் தனியே திரட்டி வைக்க வேண்டும் என்பதைக் கண்டறிய ஓர் இரவு போயிற்று. இரகசியச் சாவியையும் நிரலுக்கு வெளியே எடுத்து வைத்தோம்.

பெரிய தவறு அடுத்த வாரம் வெளிப்பட்டது. ஒன்பதாம் வீட்டுக் கல்லூரி மாணவி, முகவரிப் பட்டையில் 9 என்றிருந்ததை 10 என்று மாற்றிப் பார்த்தாள். பத்தாம் வீட்டின் பாக்கி முழுவதும் திரையில் வந்தது. உள்ளே வந்தவர் யார் என்பதை ஃபிரேம்வொர்க் சோதிக்கும்; அவர் எந்த வீட்டுக் கணக்கைப் பார்க்கலாம் என்பதை நாமே எழுத வேண்டும். நாங்கள் எழுதியிருக்கவில்லை. திருத்தத்திற்கு ஒரே வரிதான் தேவைப்பட்டது. பத்தாம் வீட்டாரிடம் நேரில் சென்று வருத்தம் தெரிவிப்பதுதான் கடினமாயிருந்தது.

அந்தத் திருத்தத்தை ஏற்றியவுடன் பன்னிரண்டு நாள் பதிவுகள் மறைந்தன. புதிய பதிப்பு ஏறும்போதெல்லாம் பழைய கோப்புகள் துடைக்கப்படும் என்று வாடகை விதிகளிலேயே இருந்தது. ஒற்றைக் கோப்பாக இயங்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தை நாங்கள் அங்கேயே வைத்திருந்தோம். நல்லவேளை, செயலர் எங்களை நம்பாமல் புத்தகத்திலும் எழுதி வந்தார். அதிலிருந்தே மீண்டும் ஏற்றினோம்.

இப்போது தரவுகள் தனியே இயங்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் உள்ளன. ஒவ்வோர் இரவும் ஒரு நகல் வேறிடத்துக்குப் போகிறது. மாதம் ஒருமுறை அந்த நகலை மற்றொரு கணினியில் திறந்து, மொத்தத் தொகையை வங்கி அறிக்கையோடு ஒப்பிடுகிறோம். ஆசிரியை அம்மையார் தம் கைப்பேசியில் ரசீதைப் பார்த்துவிட்டு, எழுத்துகள் சிறியனவாக உள்ளன என்று குறை சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை அதைச் சரிசெய்ய இருக்கிறோம்.