பறவைகளை எண்ண உங்கள் கம்ப்யூட்டர் ரெடியா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் கேம்ஸ் விளையாடுவார்கள். அடுத்த மாதம் பாட்டு கேட்பார்கள், சினிமா பார்ப்பார்கள். மூன்றாவது மாதத்தில் "இன்னும் இதில் என்னதான் செய்யலாம்?" என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் எழுந்துவிட்டதா? அப்படியானால் ஒரு நல்ல பொழுதுபோக்கினை இங்கு பார்க்கலாம். இதற்குத் தனியாக எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். ஒரு பிரவுசர், இன்டர்நெட் இணைப்பு, வீட்டு மொட்டை மாடி, காலையில் ஒரு பதினைந்து நிமிடம், இவை போதும். நீங்கள் பார்க்கும் பறவைகளை எண்ணிக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வதுதான் அந்தப் பொழுதுபோக்கு.

காக்கையையும் குருவியையும் எண்ணி என்ன ஆகப் போகிறது என்று நினைக்கிறீர்களா? மேலே படியுங்கள்.

இ-பேர்ட் என்பது என்ன?

அமெரிக்காவில் உள்ள கார்னெல் பல்கலைக் கழகத்தின் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சொசைட்டியும் சேர்ந்து 2002 ஆம் ஆண்டில் தொடங்கிய தளம் இ-பேர்ட். உலகில் யார் வேண்டுமானாலும், எந்த இடத்தில் வேண்டுமானாலும் பார்த்த பறவைகளை இதில் பதிவு செய்யலாம். கட்டணம் எதுவும் இல்லை. 2021 ஆம் ஆண்டில் இதில் சேர்ந்த பதிவுகளின் எண்ணிக்கை நூறு கோடியைத் தாண்டியது. இந்தியாவில் இதனைப் பேர்ட் கவுண்ட் இந்தியா என்ற கூட்டமைப்பு கவனித்து வருகிறது. கூகுளில் இ-பேர்ட் இந்தியா என டைப் செய்து தேடினால், நம் நாட்டிற்கான பக்கம் கிடைக்கும்.

அக்கவுண்ட் திறப்பது எப்படி?

தளத்தின் மேல் பகுதியில் கிரியேட் அக்கவுண்ட் என்று இருக்கும். அதில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் பக்கத்தில் உங்கள் பெயர், இமெயில் முகவரி, யூசர் நேம், பாஸ்வேர்ட் ஆகியவற்றைக் கொடுக்கவும். இமெயிலுக்குப் பயன்படுத்தும் அதே பாஸ்வேர்டை இங்கும் தர வேண்டாம். புதியதாக ஒன்றை அமைத்துக் கொள்ளுங்கள். உங்கள் பெயர் பொதுவில் தெரிய வேண்டாம் என நினைத்தால், பின்னர் பிரிபரன்சஸ் பகுதியில் சென்று பெயரை மறைத்துக் கொள்ளலாம்.

முதல் பட்டியல்

காலை நேரத்தில் மாடியில் அல்லது வாசலில் 15 நிமிடம் நில்லுங்கள். கையில் ஒரு பேப்பரும் பென்சிலும் இருக்கட்டும். கண்ணில் படும், காதில் விழும் பறவைகளை எழுதிக் கொள்ளுங்கள். எத்தனை என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள். பின்னர் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து கீழ்க்கண்டவாறு செயல்படவும்.

1. இ-பேர்ட் தளத்தில் லாக் இன் செய்து, சப்மிட் என்பதில் கிளிக் செய்திடவும்.

2. எங்கு பார்த்தீர்கள் என்ற கேள்வி வரும். மேப்பில் உங்கள் ஊரைப் பெரிதாக்கி, பார்த்த இடத்தில் கிளிக் செய்திடவும். இங்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் பட்டியலை எல்லாரும் பார்க்க முடியும். எனவே கதவு எண்ணுடன் கூடிய வீட்டு முகவரியை இடத்தின் பெயராகக் கொடுக்க வேண்டாம். தெருவின் பெயர் அல்லது அருகில் உள்ள பூங்கா, குளத்தின் பெயர் போதும்.

3. அடுத்து நாள், தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எத்தனை பேர் என்ற விபரங்களைத் தரவும். ஒரே இடத்தில் நின்று பார்த்திருந்தால் ஸ்டேஷனரி என்பதனையும், நடந்து சென்று பார்த்திருந்தால் டிராவலிங் என்பதனையும் தேர்ந்தெடுக்கவும். டிராவலிங் எனில் நடந்த தூரத்தையும் தர வேண்டும்.

4. இப்போது உங்கள் பகுதியில் காணக் கூடிய பறவைகளின் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கும். பறவைக்கு அருகே உள்ள கட்டத்தில் எண்ணிக்கையை டைப் செய்திடவும். எண்ண முடியாத அளவு கூட்டம் எனில், எக்ஸ் என்ற எழுத்தை மட்டும் அமைக்கலாம். ஆனால் தோராயமான எண்ணாவது தருவதே நல்லது.

5. இறுதியாக, உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா என்ற கேள்வி இருக்கும். ஆம் எனில் யெஸ் தேர்ந்தெடுத்து சப்மிட் செய்திடவும். அவ்வளவுதான், உங்கள் முதல் பட்டியல் தயார்.

நம்ம ஊர் பெயர், அவர்கள் பெயர்

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். நமக்குத் தெரிந்தது செம்போத்து. இ-பேர்ட் பட்டியலில் அது கிரேட்டர் கூக்கல் என்று இருக்கும். சில பொதுவான பெயர்களைக் கீழே தருகிறோம். குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

காகம் - ஹவுஸ் க்ரோ
அண்டங்காக்கை - லார்ஜ் பில்டு க்ரோ
மைனா - காமன் மைனா
சிட்டுக்குருவி - ஹவுஸ் ஸ்பேரோ
மாடப்புறா - ராக் பிஜியன்
குயில் - ஏசியன் கோயல்
கரிச்சான் (இரட்டைவால் குருவி) - பிளாக் ட்ராங்கோ
தையல் சிட்டு - காமன் டெய்லர்பேர்ட்
பனங்காடை - இந்தியன் ரோலர்

காகத்திற்கும் அண்டங்காக்கைக்கும் வேறுபாடு காண்பது எளிது. காகத்தின் கழுத்து சாம்பல் நிறத்தில் இருக்கும். அண்டங்காக்கை முழுக்கக் கருப்பு, அலகும் தடிமன். குயிலில் ஆண்தான் கருப்பு. பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளுடன் இருக்கும். இரண்டும் வேறு வேறு பறவைகள் என்று எண்ணிவிட வேண்டாம்.

தெரியாத பறவை என்றால்?

மெர்லின் என்ற இலவச அப்ளிகேஷன் ஒன்றைக் கார்னெல் ஆய்வகம் 2014 ஆம் ஆண்டில் வெளியிட்டது. இது ஸ்மார்ட் போனுக்கானது. உங்கள் பகுதிக்கான பறவைத் தொகுப்பினை முதலில் டவுண்லோட் செய்து கொண்டால், பின்னர் இன்டர்நெட் இல்லாத இடத்திலும் செயல்படும். பறவையின் போட்டோவைத் தந்தால் என்ன பறவை எனச் சொல்லும். பறவையின் குரலைக் கேட்டு அடையாளம் சொல்லும் வசதி 2021 ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. ஆனால் மெர்லின் சொல்வதை அப்படியே ஏற்றுக் கொண்டு பதிவு செய்யக் கூடாது. அதனை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக் கொண்டு, பறவையைக் கண்ணால் பார்த்து உறுதி செய்து கொள்ளுங்கள். உறுதி இல்லை எனில் அந்தப் பறவையை விட்டுவிடலாம். தவறில்லை.

கம்ப்யூட்டரிலேயே குரல்களைக் கேட்டுப் பழக வேண்டும் என்றால், ஜீனோ கான்டோ என்ற தளம் உள்ளது. 2005 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இதில், உலகம் முழுவதிலும் இருந்து பதிவு செய்யப்பட்ட பறவைக் குரல்களை இலவசமாகக் கேட்கலாம்.

அபூர்வப் பறவை மட்டும் போதாதா?

போதாது. காரணத்தை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் பார்க்கலாம். உங்கள் ஊரில் இந்த ஆண்டு 100 முழுப் பட்டியல்கள் பதிவாகின்றன. அவற்றில் 60 பட்டியல்களில் சிட்டுக்குருவி இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே 100 பட்டியல்களில் 40ல் மட்டுமே இருக்கிறது என்றால், குருவி குறைகிறது என்று தெரிந்துவிடும். எல்லாரும் அபூர்வப் பறவையை மட்டும் பதிந்து, குருவியையும் காகத்தையும் விட்டுவிட்டால் இந்தக் கணக்கு நடக்காது. பார்த்தவர் குருவியைக் காணவில்லையா, கண்டும் எழுதவில்லையா என்பது தெரியாது. அதனால்தான் கடைசியில் அந்த யெஸ் கேள்வி கேட்கப்படுகிறது.

இந்த வகையில்தான் இந்தியப் பறவைகளின் நிலை என்ற அறிக்கை 2020 மற்றும் 2023 ஆம் ஆண்டுகளில் வெளியானது. சிட்டுக்குருவி அழிந்தே போய்விட்டது என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருந்தோம். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்து வருகிறது என 2020 அறிக்கை கூறியது. 2023 அறிக்கை, 30,000க்கும் மேற்பட்டவர்கள் தந்த சுமார் 3 கோடி பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. அவற்றில் 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. மயிலும் குயிலும் பெருகி வருகின்றன. ஆனால் நம் ஊர் மின்கம்பிகளில் அமர்ந்து, பறக்கும்போது நீல இறக்கையைக் காட்டும் பனங்காடை குறைந்து வருகிறது. அதன் நிலையை மறு ஆய்வு செய்ய வேண்டும் என அந்த அறிக்கை பரிந்துரைத்தது.

இதனைக் கண்டுபிடித்தவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். உங்களைப் போல வீட்டில் அமர்ந்து பட்டியலை டைப் செய்தவர்கள்தான். பனங்காடை உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறதா என்பதை, அங்கு வசிக்கும் நீங்கள் எழுதினால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் தாத்தாவோ அப்பாவோ தேதியுடன் பறவைகளைக் குறித்து வைத்த பழைய டைரி இருக்கிறதா? தூக்கிப் போட்டுவிட வேண்டாம். பழைய தேதியிட்ட பட்டியல்களையும் இ-பேர்ட் ஏற்றுக் கொள்ளும். நேரம், தூரம் தெரியவில்லை என்றால் ஹிஸ்டாரிக்கல் என்ற வகையில் பதியலாம். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலை இன்று யாராலும் புதிதாகத் தயாரிக்க முடியாது அல்லவா?

எங்கே, எப்போது போகலாம்?

குடும்பத்துடன் சரணாலயம் செல்லும் முன் கம்ப்யூட்டரில் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செல்லுங்கள். எக்ஸ்ப்ளோர் மெனுவில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குச் சென்று இடத்தின் பெயரை டைப் செய்தால், அண்மையில் அங்கு சென்றவர்கள் என்னென்ன பறவைகளைப் பார்த்தார்கள் எனத் தெரியும். பார் சார்ட் பகுதியில், எந்தப் பறவை எந்த மாதத்தில் அதிகம் தென்படும் என்பதைப் பட்டையின் தடிமனைக் கொண்டு அறியலாம். ஸ்பீசீஸ் மேப் பகுதியில் ஒரு பறவையின் பெயரைத் தந்து மேப்பைப் பெரிதாக்கினால், கடந்த 30 நாட்களில் அது காணப்பட்ட இடங்கள் சிகப்பு நிறத்தில் காட்டப்படும். அலர்ட்ஸ் வசதியினைப் பெற்றுக் கொண்டால், உங்கள் மாவட்டத்தில் அபூர்வப் பறவை வந்தால் இமெயிலில் தகவல் வரும்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கல், அருகில் உள்ள கரிக்கிலி, நெல்லை மாவட்டத்தின் கூந்தன்குளம், சென்னைக்குள்ளேயே இருக்கும் பள்ளிக்கரணை ஆகிய நான்கும் 2022 ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. கோடியக்கரைக்கு இந்தப் பெருமை 2002லேயே கிடைத்துவிட்டது. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, பூநாரை, வரித்தலை வாத்து என நீர்ப்பறவைகளைக் காண குளிர்காலம் ஏற்றது. பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8க்கு 42 என்று கேட்டு வாங்குங்கள். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது எண், முன்புற லென்ஸின் விட்டம், மில்லி மீட்டரில். அதிக மடங்கு காட்டும் பைனாகுலர் புதியவர்களுக்குக் கை நடுக்கத்தில் காட்சியை ஆட்டிவிடும்.

கூட்டைக் காட்டிக் கொடுக்காதீர்கள்

ஸ்மார்ட் போனில் எடுக்கும் போட்டோவில், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை விபரங்களும் சேர்ந்து பதிவாகலாம். கூட்டில் இருக்கும் குஞ்சுகளின் போட்டோவை அப்படியே இன்டர்நெட்டில் போட்டால், கூட்டிற்கு வழி சொன்னது போல ஆகிவிடும். பிடித்து விற்பவர்களுக்கும் அது பயன்படும். ஆபத்தில் உள்ள சில இனங்களின் இடத்தை இ-பேர்ட் தானாகவே மறைத்துவிடுகிறது. மற்றவற்றை நாம்தான் பார்த்துக் கொள்ள வேண்டும்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இதற்கு எளிய வழி உள்ளது. போட்டோ பைல் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும். டீடெய்ல்ஸ் டேபில் கிளிக் செய்திடவும். ஜி.பி.எஸ். என்ற பிரிவு இருந்தால் இட விபரம் பதிவாகியுள்ளது என்று பொருள். கீழே ரிமூவ் ப்ராப்பர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்பர்மேஷன் என்ற வரி இருக்கும். அதில் கிளிக் செய்து, விபரங்கள் நீக்கப்பட்ட நகல் ஒன்றை உருவாக்கும் பிரிவைத் தேர்ந்தெடுத்து ஓகே தரவும். அந்த நகலை மட்டும் நண்பர்களுக்கு அனுப்புங்கள். உங்கள் வீட்டுக் குழந்தைகளின் போட்டோக்களுக்கும் இதே வழி உதவும்.

இன்னொன்று. போனில் பறவையின் குரலை ஒலிக்க வைத்து அதனை அருகே வரவழைக்கும் பழக்கம் வேண்டாம். வேறொரு பறவை தன் இடத்திற்குள் வந்துவிட்டது என எண்ணி அது கூட்டை விட்டு வந்துவிடும். அந்த நேரத்தில் முட்டையும் குஞ்சும் பாதுகாப்பின்றி இருக்கும்.

பொங்கலுக்கு ஒரு கணக்கு

எப்போது தொடங்கலாம் எனக் கேட்பவர்களுக்கு, நம் மாநிலத்திற்கே உரிய ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடைபெற்று வருகிறது. போகி முதல் காணும் பொங்கல் வரை நான்கு நாட்கள். குறைந்தது 15 நிமிடம் பறவைகளைப் பார்த்துப் பட்டியலை இ-பேர்டில் பதிந்தால் நீங்களும் கலந்து கொண்டவர் ஆவீர்கள். பிப்ரவரியில் உலக அளவில் நான்கு நாட்கள் கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட் நடக்கிறது. 1998ல் அமெரிக்காவில் தொடங்கிய இது, 2013 முதல் எல்லா நாட்டினருக்கும் திறந்துவிடப்பட்டது.

விடுமுறைக்கு ஊருக்குச் செல்பவர்கள் அங்கும் ஒரு பட்டியல் போடலாம். நகரங்களில் இருந்து பட்டியல்கள் குவிகின்றன. கிராமத்துக் கண்மாய்க் கரையில் இருந்தும் வயல் வரப்பில் இருந்தும் வருபவைதான் குறைவு. பாட்டி வீட்டு வாசலில் பதினைந்து நிமிடம் நின்று, அங்கு பனங்காடை இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள். உங்கள் பட்டியல்கள் அனைத்தையும் மை இ-பேர்ட் பகுதியில் இருந்து டவுண்லோட் செய்து எக்செல்லில் திறந்து பார்க்கும் வசதியும் உண்டு. ஆண்டு முடிவில் திறந்து, எந்தப் பறவை வந்தது, எது வரவில்லை எனப் பிள்ளைகளுடன் சேர்ந்து பாருங்களேன்.